வெண்ணீர்த் தடம் – 9: தள்ளுவது இதயம், இழுப்பது யார்?

சென்ற வாரம் வரை:

1622-ல் மிலான் நகரில், தீனி தின்ற நாயின் குடல் மடிப்பில் பால்நிறக் கோடுகளைக் கண்டார் அசெல்லி. அந்தப் பால் மார்புக் குழாய் வழியாக ஏறிக் கழுத்தடிச் சிரையில் கலக்கிறது என்று 1651-ல் நிறுவினார் பெக்கே. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் கோபன்ஹேகனில் பார்த்தோலினும் உப்சாலாவில் ரூட்பெக்கும் உடம்பெங்கும் நிணநீர்க் குழாய்களைக் கண்டுவிட்டு, யார் முந்தி என்று மல்லுக்கு நின்றார்கள்.

பிறகு 200 ஆண்டுகள் குழாய்களுக்குள் பாதரசம் ஏற்றினார்கள், படம் வரைந்தார்கள். குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்பது தெரிந்துவிட்டது. உள்ளே ஓடும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வழக்கு.

இனி…

பிரெஸ்லாவில் கிளம்பிய சலசலப்பு

அதுவரை செல்வாக்கோடு இருந்த விளக்கம் ஜெர்மானியப் பேராசிரியர் கார்ல் லூட்விக்குடையது. ரத்தம் அழுத்தத்தோடு ஓடுகிறது. தந்துகியின் சுவரோ மிக மெல்லியது. அழுத்தம் தள்ளத் தள்ள, சுவர் வழியே நீர் வடிகிறது. வடிந்த நீர்தான் நிணநீர்.

இதயம் தள்ளுகிறது, சுவர் வடிகட்டுகிறது. ‘உயிர்ச் சக்தி’ என்று எதையும் கூப்பிட வேண்டியதில்லை. லூட்விக்குக்கு அதில் தனிப் பெருமிதமே உண்டு.

1891-ல் இதன் மேல் கல்லெறிந்தார் ருடால்ஃப் ஹைடன்ஹைன். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் பேராசிரியர். (அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது.) சுரப்பிகள் விஷயத்தில் அவர் ஒன்று சொன்னால் மறுபேச்சு பேசத் தயங்குவார்கள்.

அவர் செய்த சோதனை எளிமையானது. நாயின் மார்புக்குள் பெருந்தமனியை அடைத்தார். அதற்குக் கீழே ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போனது. லூட்விக் சொன்னது சரியென்றால், மார்பு நிணநீர்க் குழாயில் செருகிவைத்த கண்ணாடிக் குழலில் சொட்டு நின்றாக வேண்டும்.

நிற்கவில்லை. தள்ளுவதற்கு ஆளே இல்லாதபோதும் நிணநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த சோதனை இன்னும் விசித்திரம். நண்டு இனத்தின் சதைச் சாறு, சிப்பிச் சாறு, அட்டையின் தலையிலிருந்து எடுத்த சாறு என்று சிலவற்றை ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார். ரத்த அழுத்தம் ஏறவில்லை. நிணநீர் மட்டும் பல மடங்கு பெருகி ஓடியது.

ஹைடன்ஹைன் தீர்ப்பு எழுதிவிட்டார். தந்துகியின் சுவர் வெறும் வடிகட்டி இல்லை. வாயின் சுரப்பி எச்சில் சுரப்பதைப் போல, தந்துகியின் செல்கள் நிணநீரைச் சுரக்கின்றன.

சோதனை கண்முன்னே இருக்கிறது. யார் என்ன மறுக்க முடியும்?

விருந்தாளியாக வந்தவர்

1892. லண்டன் கைஸ் மருத்துவமனையிலிருந்து ஓர் இளைஞர் பிரெஸ்லாவ் வந்து இறங்கினார். வயது 26. பெயர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். தந்தை பம்பாயில் நீதித்துறைப் பணியில் இருந்த பாரிஸ்டர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் லண்டன் வீட்டை எட்டிப் பார்ப்பார்.

நிணநீர்ச் சோதனைகளை அவற்றைச் செய்தவரிடமே கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் ஸ்டார்லிங் போனார். ஹைடன்ஹைனும் தாராளமாகக் கற்றுக்கொடுத்தார். எங்கே வெட்டுவது, எப்படிக் குழல் செருகுவது, சொட்டை எப்படி அளப்பது என்று தொழிலின் நுணுக்கம் அத்தனையும் கைவந்தது.

லண்டன் திரும்பிய ஸ்டார்லிங், நண்பர் வில்லியம் பேலிஸ்ஸோடு சேர்ந்து அதே சோதனைகளை மறுபடி செய்தார். (1893-ல் பேலிஸ் மணந்தது ஸ்டார்லிங்கின் சகோதரியை. மைத்துனர்கள் இருவரும் பிற்காலத்தில் முதல் ஹார்மோனைக் கண்டுபிடித்த ஜோடி.) ஹைடன்ஹைன் கண்டதெல்லாம் அப்படியே வந்தன. சோதனையில் பிழை இல்லை.

ஆனால் அவர் அளக்காமல் விட்டது ஒன்று இருந்தது. தமனியின் அழுத்தத்தை அளந்தார். நீர் வடிவது தமனியிலா? தந்துகியில் அல்லவா?

குழப்பத்தின் பெயர் கல்லீரல்

பெருந்தமனியை அடைத்தால் தமனியின் அழுத்தம் விழும். கல்லீரலின் தந்துகிகளுக்கோ அது பெரிய செய்தி இல்லை. அங்குள்ள அழுத்தம், வெளியேறும் பக்கத்துப் பெருஞ்சிரையோடு ஒட்டியது. பேலிஸ்ஸும் ஸ்டார்லிங்கும் அந்தச் சிரையின் அழுத்தத்தை அளந்தார்கள். அது ஏறத்தாழ மாறாமலே இருந்தது.

அப்படியானால், நிற்காமல் சொட்டிய அந்த நிணநீர் கல்லீரலிலிருந்து வந்திருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு நூல்முடிச்சு போதும். கல்லீரலின் வாயிலில் நிணநீர்க் குழாய்கள் கொத்தாக வெளியேறும் இடம் ஒன்று உண்டு. அங்கே முடிச்சுப் போட்டார் ஸ்டார்லிங். பிறகு ஹைடன்ஹைனின் சோதனையைத் திரும்பச் செய்தார்.

மர்மச் சொட்டு மறைந்தது.

நண்டுச் சாறும் அட்டைச் சாறும் செய்த மாயமும் பெருமளவு அந்த முடிச்சிலேயே அடங்கிப் போயிற்று. அந்தச் சாறுகள் கல்லீரல் தந்துகிகளின் சுவரைக் கெடுத்து, கசிவை அதிகமாக்கியிருந்தன.

உடம்பில் எல்லாத் தந்துகியும் ஒரே மாதிரி கசிவதில்லை என்பது இந்தச் சோதனைகளில் கிடைத்த உபரி லாபம். கல்லீரல் தாராளமாகக் கசியும். குடல் அதற்கு அடுத்தபடி. கை கால்கள் சிக்கனம். கல்லீரல் நிணநீரில் புரதம் ஏறக்குறைய ரத்தநீரில் உள்ள அளவுக்கே இருக்கும். காலிலிருந்து வரும் நிணநீர் அதைவிட எவ்வளவோ நீர்த்தது.

லூட்விக் பிழைத்தார். ஸ்டார்லிங் இத்தோடு நின்றிருந்தால், இரண்டு ஜெர்மானியப் பேராசிரியர்களின் சண்டையில் நடுவராக இருந்த ஆங்கிலேயர் என்று ஓர் அடிக்குறிப்பில் முடிந்திருப்பார்.

அவர் நிற்கவில்லை. அவரை வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது.

கேள்வி தலைகீழானது

இதயம் ஓயாமல் தள்ளுகிறது. சுவர் ஓயாமல் கசிகிறது. அப்படியென்றால் ரத்தத்தில் உள்ள நீர் முழுக்க ஏன் வெளியே போய்விடவில்லை?

லூட்விக், ஹைடன்ஹைன் இருவருமே ‘எப்படி வெளியே வருகிறது’ என்று கேட்டவர்கள். ஸ்டார்லிங் கேட்டது: எப்படி உள்ளே திரும்புகிறது?

மருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டுவந்த ஒன்று அவருக்குத் துணையாக இருந்தது. காயம் பட்டு நிறைய ரத்தம் இழந்தவரைச் சில மணி நேரம் கழித்துச் சோதித்தால், உள்ளே மிச்சமிருக்கும் ரத்தம் நீர்த்துப்போயிருக்கும். சிவப்பணுக்களின் விகிதம் குறைந்திருக்கும். குடிக்கத் தண்ணீர் தராவிட்டாலும் இது நடக்கும். உடம்பின் திசுக்களில் கிடந்த நீரை ரத்தம் தன்பக்கம் எடுத்துக்கொள்கிறது.

எந்தக் கை அதை உள்ளே இழுக்கிறது? இதயத்துக்குத் தள்ளத்தான் தெரியும்.

இரண்டு கால்கள், இரண்டு கரைசல்கள்

1896-ல் ‘ஜர்னல் ஆஃப் பிஸியாலஜி’ இதழில் 15 பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. இந்தத் தொடரின் நடுத்தூண் அது. அதில் உள்ள முக்கியமான சோதனையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு நாய். அதன் பின்னங்கால்கள் இரண்டு.

ஒரு காலின் தோலுக்கடியில், சதைக்கு நடுவே, 1 சதவீத உப்புக் கரைசலைச் செலுத்துகிறார்கள். கால் வீங்கித் தளதளவென்று ஆகிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘கால்ல நீர் கோத்துக்கிச்சு’ என்பார்களே, அதே நிலை. இங்கே செயற்கையாக உண்டாக்கியது. இன்னொரு கால் இயல்பாக விடப்படுகிறது.

இப்போது உறையாதபடி பக்குவம் செய்த ரத்தத்தை அந்தக் கால்களின் குழாய்கள் வழியே செலுத்துகிறார்கள். தமனியில் விட்டு, சிரையில் பிடித்து, பிடித்ததையே மறுபடி தமனியில் விடுவது. ஒரு முறை, இரு முறை இல்லை. பல சுற்று.

இயல்பான காலைச் சுற்றிவந்த ரத்தத்தோடு, வீங்கிய காலைச் சுற்றிவந்த ரத்தத்தை ஒப்பிட்டார்கள். இரண்டாவது நீர்த்திருந்தது. காலில் தேங்கிய உப்புநீர் தந்துகியின் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போயிருந்தது. அங்கே நிணநீர்க் குழாயின் வேலை எதுவும் இல்லை. ரத்தமே நேரடியாக இழுத்துக்கொண்டது.

அடுத்ததுதான் திருப்பம். உப்புநீருக்குப் பதிலாக, ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைக் காலில் செலுத்தினார்கள். அதே வீக்கம். அதே சுற்று.

இம்முறை ரத்தம் நீர்க்கவில்லை. சீரம் போட்ட இடத்திலேயே கிடந்தது.

உப்புநீருக்கும் சீரத்துக்கும் என்ன வித்தியாசம்? சீரத்திலும் நீர் உண்டு, உப்பும் உண்டு. கூடுதலாக இருப்பது புரதம்.

நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்கள், எத்தனை நாய்கள் என்று கேட்டிருப்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அசெல்லியின் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. ஸ்டார்லிங்கின் காலத்தில் மயக்க மருந்து வந்துவிட்டது. உயிருள்ள விலங்கின் மேல் சோதனை செய்ய உரிமம் வேண்டும் என்று 1876-லேயே பிரிட்டனில் சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் 1903-ல் இதே பேலிஸ்ஸும் ஸ்டார்லிங்கும் ஒரு பழுப்பு நாயின் பொருட்டு நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. பேலிஸ் அவதூறு வழக்குப் போட்டு 2,000 பவுண்டு இழப்பீடு வென்றார். ஊர் அந்தத் தீர்ப்போடு அடங்கவில்லை. நாய்க்குச் சிலை வைத்தார்கள், தெருவில் கலவரம் நடந்தது. சட்டம் பேலிஸ் பக்கம் நின்றது சரி. அந்தச் சிலையை வைத்தவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

நூற்றில் அரை

புரதம் நீரை இழுக்கிறது. சவ்வூடு அழுத்தம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். சவ்வைத் தாண்ட முடியாத துகள் ஒரு பக்கம் நிறைய இருந்தால், நீர் அந்தப் பக்கமே போகும்.

இது அன்றைக்கு யாருக்கும் தோன்றாமல் இல்லை. தோன்றியும் தள்ளிவிட்டார்கள். தள்ளியதற்குக் காரணம் கணக்கு.

ரத்தநீரில் கரைந்திருக்கும் உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்தால், மொத்தச் சவ்வூடு அழுத்தம் 5,500 மில்லிமீட்டர் பாதரசத்தைச் சுற்றி வரும். அதில் புரதத்தின் பங்கு 30-க்குள் அடங்கும். நூற்றில் அரைப் பங்கு. இந்த அரைப் பங்கு என்ன செய்துவிடும் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஸ்டார்லிங்கின் மேதைமை அந்த அரைப் பங்கைக் கையில் எடுத்ததில் இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் தந்துகியின் சுவரைத் தாராளமாகக் கடக்கும். சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் அவை ஒரே அளவில்தான் நிற்கும். ஆகவே அவற்றின் ஆயிரக்கணக்கான மில்லிமீட்டர் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கடக்க முடியாதது புரதம் மட்டுமே. சுவரின் குறுக்கே உண்மையாக வேலை செய்யும் இழுவிசை அதனுடையதுதான்.

கையோடு அளந்தும் பார்த்தார். விலங்கின் உள்ளுறை மெல்லிய சவ்வை ஜெலட்டினில் தோய்த்தார். புரதம் அதைத் தாண்டாது, உப்பு தாண்டும். ஒரு பக்கம் சீரம், மறுபக்கம் உப்புநீர். பாதரசம் மெல்ல ஏறியது. 30 மில்லிமீட்டரைச் சுற்றி வந்து நின்றது.

தந்துகிக்குள் ரத்தம் வெளியே தள்ளும் அழுத்தமும் அதே வரிசையில்தான் இருந்தது.

இரண்டும் எதிரெதிர் திசை. ஏறத்தாழ ஒரே அளவு. உடம்பின் நீர்க்கணக்கு இந்த இழுபறியில்தான் நிற்கிறது. மண்பானை கசிவது அதன் குறையில்லை, குளிர்விக்கிற வேலையே அந்தக் கசிவில்தான் இருக்கிறது, தந்துகியும் அப்படியே. கசியாத தந்துகி ஒரு செல்லுக்கும் சோறு போடாது.

ரத்தம் இழந்தவரின் புதிரும் அவிழ்ந்தது. ரத்தம் போனதும் தந்துகியின் அழுத்தம் விழுகிறது. தள்ளும் கை தளர்கிறது. இழுக்கும் கை தளரவில்லை. திசுக்களின் நீர் உள்ளே வருகிறது. யாரும் உத்தரவிடவில்லை, நரம்பும் மூளையும் இதற்குத் தேவைப்படவில்லை.

வீங்கிய காலின் வரவு செலவு

நல்ல விதி என்றால் நோயாளியின் படுக்கை வரை வர வேண்டும். ஸ்டார்லிங்கின் விதி வந்தது.

இதயம் பலவீனமானால் சிரைகளில் ரத்தம் தேங்கும், தந்துகியின் அழுத்தம் ஏறும், கால் வீங்கும். சிறுநீரகம் கெட்டுப் புரதம் சிறுநீரில் ஒழுகினால் இழுவிசை குறையும், முகமும் காலும் ஊதும். கல்லீரல் சுருங்கினால் ரத்தநீரின் முக்கியப் புரதமான ஆல்புமின் உற்பத்தி குறையும். கூடவே கல்லீரலுக்குள் ரத்தமும் நெரிசல்படும். இரண்டும் சேர்ந்து வயிற்றில் நீர் கட்டும். மகோதரம் என்று நம் வைத்தியர்கள் பேர் வைத்த நோய் இது.

இன்றைக்கு அந்த நோயாளியின் உறவினரிடம் மருந்துச்சீட்டை நீட்டி, ‘ஆல்புமின் பாட்டில் வாங்கிட்டு வாங்க’ என்கிறார்கள். விலையைக் கேட்டு மலைத்து நிற்பவர்களை எந்தப் பெரிய மருத்துவமனையின் மருந்தகத்திலும் பார்க்கலாம். அந்த 100 மில்லி பாட்டிலுக்குள் இருப்பது 1896-ல் பாதரசத்தை ஏற்றிக் காட்டிய அதே இழுவிசை.

முதல் உலகப் போரில் ரத்தம் இழந்த வீரர்களுக்கு உப்புநீர் மட்டும் ஏற்றினார்கள். ஏற்றிய நீர் நாளத்தில் தங்காமல் சீக்கிரமே திசுக்களுக்குள் கசிந்துவிட்டது. பேலிஸ் அதில் வேலமரப் பிசினைக் கரைத்துச் சேர்க்கச் சொன்னார். பிசின் சுவரைத் தாண்டாது, நீரைப் பிடித்துவைக்கும். பல உயிர்கள் பிழைத்தன. பிசின் கல்லீரலில் போய்த் தங்குகிறது என்று பின்னால் தெரிந்து கைவிட்டார்கள். மைத்துனரின் விதியைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோன முயற்சி அது.

தந்துகியின் அழுத்தத்தை நேரடியாகக் குத்தி அளக்க இன்னும் 30 ஆண்டு ஆனது. 1926-ல் யூஜின் லேண்டிஸ் என்ற அமெரிக்க மாணவர், தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைத் தவளையின் தந்துகிக்குள் செருகி அளந்தார். ஸ்டார்லிங் தேறினார். அடுத்த ஆண்டு, 1927-ல், கப்பல் பயணத்தில் இருந்தபோது ஜமைக்காவின் கிங்ஸ்டன் அருகே அவர் இறந்தார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. கிடைக்காதது பரிசுக்குத்தான் இழப்பு.

ஆனால் ஒரு பாக்கி

எல்லாம் சரியாக வந்துவிட்டது போல் இருக்கிறது, இல்லையா? தள்ளுவது இதயம், இழுப்பது புரதம். வெளியே போன நீரை ரத்தமே திரும்ப எடுத்துக்கொள்கிறது.

அப்படியென்றால் நிணநீர்க் குழாய்கள் எதற்கு? எட்டு வாரமாக அசெல்லியும் பெக்கேயும் ரூட்பெக்கும் துரத்திய அந்த மாபெரும் வலைப்பின்னலுக்கு இனி என்ன வேலை?

ஸ்டார்லிங்கின் கணக்கு நிற்பது ஒரே ஒரு நிபந்தனையின் மேல்: புரதம் சுவருக்கு உள்ளேயே இருக்க வேண்டும். ஆனால் அவரே கல்லீரலிலிருந்து பிடித்த நிணநீரில் புரதம் நிறைய இருந்தது. காலின் நிணநீரிலும் கொஞ்சம் இருந்தது. ஆக, சிறிது சிறிதாக ஒவ்வொரு தந்துகியிலிருந்தும் புரதம் வெளியே நழுவிக்கொண்டேதான் இருக்கிறது.

நாயின் காலில் செலுத்திய சீரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் புரதத்தை ரத்தம் திரும்ப எடுக்கவில்லை. எடுக்க அதற்கு வழியில்லை. நழுவிய புரதம் வெளியே சேரச் சேர, அது அந்தப் பக்கமிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். தராசு மெல்ல மறுபக்கம் சாயும்.

நமக்கு அப்படிச் சாய்வதில்லை. ஆகவே யாரோ அந்தப் புரதத்தை அள்ளிக்கொண்டுபோய் ரத்தத்தில் சேர்க்கிறார்கள். 1930-களில் ஹார்வர்டில் செசில் டிரிங்கர் என்பவர், வைக்கோலைவிட மெல்லிய குழல்களை நிணநீர் நாளங்களில் செருகி, அதை அளக்க உட்கார்ந்தார். தந்துகிச் சுவர் புரதத்தை விடவே விடாது என்று நம்பிய பெரிய தலைகள் அவர் சொன்னதை ஏற்கத் தயாராக இல்லை.

ஒரு நாளில் நம் ரத்தத்திலிருந்து எவ்வளவு புரதம் நழுவுகிறது? அது திரும்பும் ஒரே வழி அடைபட்டால் என்ன ஆகும்?

விடையை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் உங்கள் ஊகத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைப்பதைவிட அந்த அளவு பெரியது.